சீதன உறுதியில் எழுதாமல் விட்ட படம்

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். மேகமில்லாத வெயில், காற்று அறவே இல்லை. கிரானில் அறுவடை முடிந்த நெல் தெருவோரத்திலும் காய்ந்துகொண்டிருந்தது. அந்த நிமிடத்தில்தான் மூட்டை இழுக்கும் இரும்புக் கொழுக்கி ஒன்று என் இடது புறங்கையில் ஏறி உள்ளங்கையால் வெளியே வந்தது. குத்தியவர் அதோடு நிற்கவில்லை. மூட்டையை இழுக்கிற பழக்கத்தில் ஒரு தரம் இழுத்தும் விட்டார்.

நான் வியாபாரச் சட்டம் பார்க்கும் சட்டத்தரணி, பத்திரம் எழுதி உறுதிப்படுத்தும் நொத்தாரிசும் கூட. நாற்பத்தொரு வருடத் தொழில். இதுவரை கம்பனிப் பதிவு 318, பங்குடைமை ஒப்பந்தம் 540, வர்த்தகக் குறிப் பதிவு 63. அலுங்காமல் செய்யிற வேலை என்று கொலை வழக்குப் பேசும் நண்பர்கள் கிண்டல் பண்ணுவார்கள். அவர்கள் ஒருவர் உடம்பிலும் தொழிலால் ஒரு கீறல் கிடையாது. என் கட்சிக்காரர்களில் ஐஸ் ஆலைப் பங்காளி ஒருவர் மற்றவரைக் குளிர் அறைக்குள் வைத்துப் பூட்டினார்; பூட்டப்பட்டவருக்கு இரண்டு விரல் போனது. பேக்கரிக்காரர் ஒருவர், தன் பாண் பையின் படத்தைப் பார்த்து அதேபோலப் பை அச்சடித்த அயல் பேக்கரிக்காரரின் கன்னத்தில் அடுப்பிலிருந்து எடுத்த தட்டை வைத்து அழுத்தினார். பெயரும் படமும் கூடச் சொத்துத்தான் என்று இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். சொத்து என்று தெரிந்த பிறகு வெட்டிக்கொள்வதற்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கிரானில் நெல் ஆலை வைத்திருந்த பெரியவர் ஒருவர் 2004இல் என்னிடம் வந்தார். அவருடைய அரிசிப் பையில் வயலில் இறங்கும் சிறகி வாத்து இரண்டு, எதிரெதிராக நிற்கும். அந்தப் படத்தை அவர் பெயரில் பதிந்து கொடுத்தேன். ஏழு வருடம் கழித்து மகளுக்குக் கலியாணம். எங்கள் பகுதியில் வீடுவளவும் தொழிலும் பெண்ணோடு போகும்; ஆண்பிள்ளை தன் மனைவி வீட்டில் போய்க் குடியிருப்பான். அந்தச் சீதன உறுதிப் பத்திரத்தை எழுதியதும் நான்தான். ஆலைக் கட்டிடம், உமி நீக்கும் இயந்திரம் இரண்டு, நெல் அவிக்கும் தொட்டி மூன்று, தென்னை நாற்பத்துமூன்று, கிணறு, கிணற்றுக் கப்பி என்று நேரில் போய் எண்ணி எழுதினேன். படத்தை எழுதவில்லை. பெரியவரும் கேட்கவில்லை. இயந்திரம் போனால் பையும் அதோடு போகும் என்பது அவர் நினைப்பு. நானும் அன்று அப்படியே இருந்துவிட்டேன்.

2021இல் பெரியவர் படுக்கையில் விழுந்தார். மகன் என்னை அழைத்துப் போனான். அக்காவுக்கு எல்லாம் கொடுத்த அப்பா தனக்கு ஒன்றும் தரவில்லை என்பது அவனுடைய பத்து வருடக் குறை. அவனும் சிறிய அளவில் அரிசி வியாபாரம் செய்துகொண்டிருந்தான். வாத்துப் படத்தையாவது தரும்படி கேட்டான்.

“படம்தானே. அவனும் பையில அடிச்சிக்கட்டும்” என்றார் பெரியவர்.

மகளும் அடிப்பாள், மகனும் அடிப்பான் என்பதுதான் அவர் மனதில் இருந்தது. நான் எழுதியதோ முழு உரிமை மாற்றம். இனி மகள் அடிக்க முடியாது என்று விளக்க ஐந்து நிமிடம் போதும். அவருக்கு மூச்சு வாங்கியது. எனக்கு வாசலில் ஓட்டோ காத்து நின்றது. விளக்காமல் கையொப்பம் வாங்கினேன்.

அவர் காலமாகிப் பதினான்காம் மாதம் மகன் என் அறைக்கு வந்தான். அக்காவின் கணவரான மச்சான் இன்னும் வாத்துப் படத்தோடு அரிசி விற்கிறார், நிறுத்த வேண்டும் என்றான். கடைக்காரர்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் மூட்டை இறக்குவார்கள். அது போனால் அக்காவின் ஆலை ஒரு போகம்கூடத் தாங்காது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சீதன உறுதி எழுதிய நான் அந்த வழக்கைத் தொட்டிருக்கவே கூடாது. எழுபத்தையாயிரம் ரூபா வாங்கிக்கொண்டு நீதவானிடம் தேடுதல் ஆணை பெற்றேன். பைகளை எண்ணி முத்திரை வைப்பது மட்டும்தான் ஆணை. பொலிஸார் ஒழுங்காக எண்ணமாட்டார்கள் என்ற கவலையில், எழுபத்தொரு வயதில், இரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்தோடு நானும் செங்கலடி தாண்டிக் கிரானுக்குப் போனேன். பைகளை அடையாளம் காட்ட மகனும் கூட வந்தான்.

பொலிஸார் இரண்டு பேர். ஒருவர் தண்ணீர் குடிக்க வெளியே போனார், மற்றவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நான் எண்பத்தெட்டாவது பையில் நின்றபோது மகன் இடுப்பிலிருந்து கத்தியை உருவிப் பைகளைக் கிழிக்கத் தொடங்கினான். ஒவ்வொரு பையிலும் வாத்தின் கழுத்தில்தான் கத்தியை வைத்தான். பத்தொன்பது பை. அரிசி என் கணுக்கால் வரை கொட்டியது.

“எங்கட அப்பாட சோத்துல குந்தியிருந்து திண்டது போதும் மச்சான்” என்றான்.

அக்காவின் கணவர் மூட்டையில் கொழுக்கியைப் போட்டபடி நின்றார். “நீயும் ஒன்ட பொண்டாட்டி வீட்டுலதானே குந்தியிருந்து திங்கிறாய்?” என்று கேட்டார்.

மூட்டை தூக்கும் ஆட்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் மகனைக் கிளப்பியது. மச்சானின் வயிற்றில் உதைத்தான். அவர் விழுந்து எழும்பிய வேகத்தில் கொழுக்கியை ஓங்கினார். நடுவில் எண்பத்தொன்பதாவது பையில் கைவைத்து நான் நின்றேன். என் கையில் கொழுக்கி மாட்டியிருக்க, மகன் தராசிலிருந்த ஐந்து கிலோப் படிக்கல்லைத் தூக்கி மச்சானின் இடது காதோடு அடித்தான். எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. அவர் அரிசியில் முகங்குப்புற விழுந்தார். விழுந்தவரை இன்னும் இரண்டு தரம் அடித்தான். மறுபடியும் ஓங்கியபோது வீட்டிலிருந்து ஓடிவந்த அக்கா அவன் மணிக்கட்டைப் பல் பதியக் கடித்துக் கல்லை விழுத்தினார். பொலிஸ்காரர் அப்போதுதான் கொப்பியை மூடினார்.

அக்காவின் வாயெல்லாம் தம்பியின் இரத்தம். கணவரின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தார்.

“கிணத்துக் கப்பியையும் எழுதினீங்களே ஐயா. இந்தப் படத்த ஏன் எழுதல்ல?”

குத்துப்பட்ட கையிலிருந்து இரத்தம் என் குறிப்புக் கடதாசியில் சொட்டி எண்ணிக்கையை அழித்துக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்குப் பதினேழு தையல். இரண்டு விரல் இன்றுவரை மடியாது. மச்சானுக்கு இடது காது கேட்காமலே போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்த இன்ஸ்பெக்டர், கொழுக்கியால் குத்தியவர் மீது முறைப்பாடு எழுதித் தரும்படி கேட்டார். எழுதினால் மச்சான் உள்ளே போவார், ஆலை மூடப்படும். குத்து எனக்கு வந்ததல்ல, நான்தான் நடுவில் நின்றேன் என்று வாக்குமூலம் கொடுத்தேன். அது உண்மையும்கூட.

பிணையில் வந்த மகனிடம் கையில் கட்டோடு போனேன். வழக்கிலிருந்து விலகுவதாகச் சொல்லி வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் வேறு சட்டத்தரணியைப் பிடித்தால், அப்பா சொன்னதையும் நான் விளக்காமல் விட்டதையும் கூண்டில் ஏறிச் சொல்வேன், என் தொழில் போனாலும் சொல்வேன் என்றேன். அவன் கடிபட்ட மணிக்கட்டைத் தடவினான்.

“எனக்கும் பிள்ளையள் இருக்கு ஐயா. சும்மா தரமாட்டன். நாலு இலட்சம்.”

பேரம் பேசாமல் நானே கொடுத்தேன். படத்தை அக்காவின் பெயருக்கு மாற்றும் பத்திரத்தை நான் சொல்லச் சொல்ல என் குமாஸ்தா எழுதினார், மகன் கையொப்பம் வைத்தான். கிரானுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்; அக்கா அதை மூன்று தரம் வாசித்தார். பேனாவை எடுத்தவர் கையொப்பம் வைக்காமல் நிமிர்ந்தார்.

“இனி வேற ஆருக்கும் எழுதிக் குடுக்கமாட்டீங்களே?”

இல்லை என்றேன். கையொப்பம் வைத்தார். தேத்தண்ணீர் தரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

அறைக்கு வந்து கணக்கெழுதினேன். திருப்பிக் கொடுத்தது 75,000. படத்துக்கு 400,000. பதிவுக் கட்டணமும் முத்திரையும் 6,850. விரல்களுக்குப் பயிற்சி கொடுத்தவருக்கு 38,500. ஓட்டோ 2,400. மொத்தம் ஐந்து இலட்சத்து இருபத்திரண்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபா.