குறைந்த தொள்ளாயிரம் கிராம்

செக்கிலிருந்து அன்றே வந்த கடலை எண்ணெயின் மூடியைத் திறந்தால், வறுத்த கடலையை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்த மாதிரி ஒரு வாசம் வீடு முழுக்கப் பரவும். சிவகாசியில் அப்பாவின் அச்சாபீஸை ஒட்டியே குடியிருந்து, வருஷமெல்லாம் மையும் மண்ணெண்ணெயும் முகர்ந்துகொண்டிருந்த எனக்கு அந்த வாசம்தான் தீபாவளி.

பட்டாசு லேபிள் ஆர்டரெல்லாம் அடித்து முடித்து லோடு கிளம்பியதும், ஆபீஸில் வேலை செய்கிற அத்தனை பேர் வீட்டுக்கும் அம்மா மாஸ்டர் வைத்து முறுக்கு சுட்டுக் கொடுப்பாள். அதற்கு விருதுநகர்ச் செக்கு எண்ணெய்தான் வேண்டும். வாங்கி வருகிறவர் சொர்ணக்கா. ஆனைக்குட்டத்திலிருந்து தினமும் எங்கள் வீட்டு வேலைக்கு வருகிறவர். பத்து லிட்டர் கேனைப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவார். கீழே வைத்தால் யாராவது காலால் தட்டிவிடுவார்களாம்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், முறுக்குப் போட வந்த மாஸ்டர் பட்டியலில் ‘எண்ணெய் பத்து கிலோ’ என்று எழுதிக் கொடுத்தார். அம்மா பத்து லிட்டர் வாங்கிவரச் சொன்னாள். இரண்டும் ஒன்று என்பது அவள் எண்ணம். எனக்கோ அது சத்தியம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்று அந்த வாரம்தான் பள்ளியில் படித்திருந்தேன், பெரிய மேதாவி என்ற நினைப்பு வேறு. மாஸ்டர் நிறுத்துப் பார்க்கச் சொன்னதும், காகிதம் நிறுக்கும் தராசில் எண்ணெய்க் கேனை ஏற்றி, எதிர்த்தட்டில் அதே மாதிரி ஒரு காலிக் கேனையும் படிக்கற்களையும் வைத்தோம். ஒன்பது கிலோ நூறு கிராம்.

“தொள்ளாயிரம் கிராம் குறையுது” என்று கத்தியது நான்தான். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அம்மா திட்டவில்லை, வழியில் சிந்திவிட்டதா என்று மட்டும் கேட்டாள். ஆனால் கேட்கும்போது சொர்ணக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஒரு சொட்டு சிந்தலைம்மா” என்றார் அவர். முகம் சுண்டிப்போயிருந்தது. மத்தியானம் சாப்பிடவும் இல்லை. சாயந்திரம் பாத்திரம் தேய்க்கும்போது, எண்ணெய்க் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றியதும் எண்ணெய் மேலே மிதந்து வந்ததை உற்றுப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“தாயி, லிட்டர் படியில தண்ணி மோந்து நிறு. அதே படியத் தொடச்சு எண்ணெயவும் ஊத்தி நிறு. எண்ணெய் தண்ணி மேல மெதக்குதுன்னா, தண்ணியவிட லேசாத்தான இருக்கணும்?”

நிறுத்தேன். படியின் எடை போக, தண்ணீர் ஒரு கிலோ. எண்ணெய் தொள்ளாயிரத்துப் பத்து கிராம். பத்து லிட்டருக்கு ஒன்பது கிலோ நூறு, சரியாக இருந்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “மனசுல வச்சிக்கிடாதீக” என்று சொல்லி, தானே தட்டில் சோறு போட்டு எதிரில் உட்கார்ந்தாள். சொர்ணக்கா சாப்பிட்டார். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த என்னையும் இழுத்து, “பள்ளிக்கூடத்துல தண்ணிக்கு மட்டுந்தான் சொல்லிக் குடுத்தாகளாக்கும்” என்று கன்னத்தைக் கிள்ளினார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த வருஷம் விருதுநகருக்குக் கிளம்பும்போது, “நீயும் வா தாயி” என்றார். நான் கல்லூரிக்குப் போகும்வரை எல்லா தீபாவளிக்கும் கூட்டிப்போனார். எனக்கு ஜன்னலோர சீட், கையில் சூடான போண்டா. கேன் அவர் மடியில். என் மேல் உள்ள பிரியம் என்றுதான் நம்பினேன். பிரியமும்தான். எனக்கென்று ஒரு வீடும் அதில் வேலைக்கு ஒருவரும் வந்த பிறகுதான், அந்த வருஷங்களில் ஒருமுறைகூட அவர் சாட்சியில்லாமல் தனியாக எண்ணெய் கொண்டுவரவில்லை என்பது உறைத்தது.

சொர்ணக்கா இப்போது இல்லை. கேனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற எனக்கும் அவசியமில்லை. கடையில் எடுக்கிற எண்ணெய்ப் பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று பெரிதாகவும், பக்கத்திலேயே தொள்ளாயிரத்துப் பத்து கிராம் என்று பொடி எழுத்திலும் அச்சடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அதைப் படித்துவிட்டுத்தான் கூடையில் போடுகிறேன். அந்த ஒரு வரி அன்றைக்குக் கேன் மேல் இருந்திருந்தால், சொர்ணக்கா எப்போதும் போலத் தனியாகவே போய் வந்திருப்பார். எனக்கு அந்த ஜன்னலோர சீட் கிடைத்திருக்காது.