நூற்று முப்பத்தாறு கிலோவுக்கு ஒரு படகு

என் மச்சினனின் படகு மஞ்சள் நிறம். சான்பாடாவில் அவன் குடியிருக்கும் கட்டிடத்தின் கீழே, கார் நிறுத்தும் இடத்தில், சுவரில் சாய்த்து வைத்திருப்பான். கயாக் என்று பெயர். பிளாஸ்டிக் படகு. உள்ளே இறங்கி உட்கார வேண்டியதில்லை. மேலேயே உட்கார்ந்து துடுப்புப் போடலாம், தூண்டில் போடலாம்.

நான் தாராவியில் பிளாஸ்டிக் அரைக்கிற பட்டறையில் வேலை பார்க்கிறேன். பழைய வாளி, டப்பா, உடைந்த நாற்காலி வரும். அரைத்துத் தூளாக்கி மூட்டை கட்டுவோம். ஞாயிற்றுக்கிழமை தூண்டிலை எடுத்துக்கொண்டு மாஹிம் பக்கம் போவேன். பாறைமேல் உட்காருவேன். கெளுத்தி கிடைக்கும். சில நாள் மடவை கிடைக்கும். என் பெண்டாட்டி வாங்கிக் குழம்பு வைப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். நானும் கேட்டதில்லை.

மச்சினன் என் பெண்டாட்டியின் தம்பி. ஏசி ஆபீசில் வேலை. ஒல்லியான ஆள். தூண்டிலில் முள் கட்டக்கூடத் தெரியாது. நான்தான் கட்டிக் கொடுத்தேன். படகு வாங்கிய மாதமே ஒரு கொடுவா மீன் கொண்டுவந்தான். என் முழங்கை நீளம் இருந்தது.

"அக்கா, கிரீக் நடுவுல போட்டேன். ஏக்தம், ஒரே இழுப்பா இழுத்துட்டு. படகையே கொஞ்சத் தூரம் கொண்டு போயிட்டு."

"எவ்ளோ பெருசு. ஏங்க, பாத்தீயளா?"

"பார்த்தேன்" என்றேன்.

"அத்தானுக்கு இதெல்லாம் சின்ன மீனு" என்று அவன் சொன்னான். சிரித்தான். நான் அந்த அளவு மீன் பிடித்ததே இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

மீன் நன்றாக இருந்தது. மூன்று துண்டு சாப்பிட்டேன். நன்றாக இருந்ததுதான் தொந்தரவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சான்பாடாவுக்கு வரச் சொன்னான். கிரீக்கில், அதாவது கடல் கழியில், நீரேற்றம் இருக்கும் நேரம் பார்த்துப் படகுத்துறைக்குப் போனோம். அவன் படகில் முன்பக்கம் சின்ன இருக்கை ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கானது. என் பெண்டாட்டி சின்ன உருவம். அவளை அதில் உட்காரச் சொன்னான். மிதவைச் சட்டையை மாட்டிவிட்டான்.

"பொறவு அத்தானையும் கூட்டிட்டுப் போலே" என்றாள் அவள்.

"அத்தான் கரையிலேயே இருக்கட்டும்க்கா. இது நூத்தம்பது கிலோ வரைக்கும்தான் தாங்கும். நானும் உக்காரணும்லா."

துறையில் நின்றவர்கள் என் வயிற்றைப் பார்த்தார்கள். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

இரண்டு பேரும் போனார்கள். கொஞ்சத் தூரம் போனதும் அவள் சிரித்தாள். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். தண்ணீர்மேல் சத்தம் நன்றாகக் கேட்கும். எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பதே எனக்குத் தெரியாது.

குர்லா வரைக்கும் ரயிலில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். முகத்தில் அந்தச் சிரிப்பின் மிச்சம் இருந்தது. நான் அப்போது முடிவு செய்தேன். ஒரு படகு வாங்க வேண்டும். அவன் போகிற தூரத்தைத் தாண்டிப் போக வேண்டும். அவளை என் படகில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தச் சிரிப்பை என் படகில் கேட்க வேண்டும்.

பட்டறையில் ஒருவர் சொல்லி, செம்பூரில் ஒரு கிடங்குக்குப் போனேன். பழைய கயாக் வாங்கி விற்கிறவர். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். நெற்றியில் விபூதி. படகுகளுக்கு நடுவில் நின்று மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மீன் பிடிக்கவா? உக்காருங்கோ. நான் மீன் தொட மாட்டேன். படகு மட்டும்தான் விப்பேன்" என்றார். "வெயிட் எவ்ளோ இருப்பேள்?"

"நூத்திப் பத்து."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "கூச்சப்படாம சொல்லுங்கோ. எங்கிட்ட பொய் சொன்னா எனக்கு ஒண்ணும் இல்லே. படகு கண்டுபிடிச்சுடும்."

அவர் சொல்லிக்கொடுத்தார். படகில் எழுதியிருக்கும் எடை, மூழ்காமல் தாங்கும் எடை. அதுவரைக்கும் ஏற்றினால் படகு மிதக்கும், ஆனால் நாம் தண்ணீரில் உட்கார்ந்திருப்போம். எழுதியதில் மூன்றில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். மீதிக்குள் நம் எடை, தூண்டில், பெட்டி, குடிதண்ணீர் எல்லாம் அடங்க வேண்டும். அகலம் பார்க்க வேண்டும். இருக்கையின் அகலத்தையும் பார்க்க வேண்டும். இடுப்பை நெருக்கினால் ஒரு மணி நேரத்தில் கால் மரத்துப்போகும்.

கிடங்கில் ஒரு மஞ்சள் படகு இருந்தது. மச்சினனுடையதைப் போலவே. அதைவிடப் புதியது. கத்தி மாதிரி ஒல்லி. எழுதியிருந்தது நூற்றறுபது.

"இது" என்றேன்.

"இது உங்களுக்கு இல்லே."

"நூத்தறுபது போட்டிருக்கே."

"மொதல்ல எடை போட்டுண்டு வாங்கோ. அப்புறம் பேசலாம்."

வீட்டில் எடை மிஷின் கிடையாது. ரயில்வே ஸ்டேஷன் மிஷினில் ஏறினால் பின்னால் நிற்பவன் பார்ப்பான். பட்டறையில் மூட்டை நிறுக்கும் தராசு உண்டு. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அதில் ஏறலாம் என்று நினைத்தேன். எடைபோடுகிற ஆள் மட்டும் அங்கேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்தான், நாங்குநேரி. முப்பது வருடமாக அதே வேலை. முள்ளைப் பார்ப்பார், எடையை உரக்கச் சொல்வார், உள்ளே ஒருவர் குறித்துக்கொள்வார்.

மெதுவாக ஏறினேன். அவர் பார்த்துவிட்டார். வாயில் சோற்றோடு பழக்கதோஷத்தில் கத்தினார்.

"நூத்தி முப்பத்தாறு."

சுவருக்கு அந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, என்ன சரக்குன்னு போடணும்? வாளியா, தண்ணித் தொட்டியா?" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

"தொட்டின்னே போடும். கலர் கலக்காத சரக்கு" என்றார் எடைபோடுகிறவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் இறங்கினேன். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது வேறு சிரிப்பு.

செம்பூருக்கு மறுபடி போய் உண்மையான எடையைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். கிடங்கின் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒன்று கிடந்தது. கதவைக் கழற்றிப் போட்ட மாதிரி அகலம். நாங்கள் எல்லா நிறத்தையும் சேர்த்து அரைத்தால் வருமே, அந்த நிறம். தட்டிப் பார்த்தேன். தொட்டி மாதிரியே சத்தம் வந்தது.

"இதுல முன்னூறு. ரெண்டு பேர் படகு. சீட்டை நடுவிலே மாத்திப் போட்டா ஒருத்தர் படகு. உங்களுக்கு இதுதான்."

"மஞ்சள்ல ஏறிப் பாக்கணும்" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "ரெண்டையும் டெம்போல போட்டுண்டு வரேன். ஏறிப் பாத்து வாங்கறதுதான் சரி. அரைமணி தண்ணியில உக்காராம யாரும் படகு வாங்கப்படாது."

சான்பாடா பக்கத்துத் துறைக்கே வந்தார். மச்சினனும் தன் படகோடு வந்துவிட்டான். நான் அவனிடம் சொல்லவில்லை. அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

மஞ்சளில் ஏறினேன். இருக்கை இரண்டு பக்கமும் இடுப்பைப் பிடித்தது. இந்தப் படகுகளில் அடியில் ஓட்டைகள் இருக்கும். மேலே விழுகிற தண்ணீர் கீழே வடிவதற்கு. எனக்கு அது மாறி வேலை செய்தது. கீழேயிருந்து மேலே வந்தது. உட்கார்ந்த இடம் நனைந்தது. பிறகு குளம் கட்டியது. நான் எதுவும் ஆகாத மாதிரி துடுப்பை எடுத்தேன்.

"அத்தான், அசையாதீய. நேராப் பாருங்க."

அவன் சொன்னதற்காகவே திரும்பிப் பார்த்தேன். படகு புரண்டது.

அந்த இடத்தில் ஆழம் இல்லை. தொடை வரைக்கும் சேறு. மிதவைச் சட்டை என்னைத் தூக்குகிறது, சேறு என்னைப் பிடிக்கிறது. மச்சினன் குதித்துவந்து கை கொடுத்தான். ஒல்லிக் கை. ஆனாலும் இழுத்துவிட்டான். அந்தக் கையின்மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

"அடி ஒண்ணும் படலையே அத்தான்?"

"இல்லை."

"அக்காட்ட சொல்ல மாட்டேன்."

அன்று சாயங்காலமே சொல்லியிருந்தான்.

ஈரத்தோடு சாம்பல் படகில் ஏறினேன். இருக்கை உயரம். குழாய் வைத்து வலை கட்டிய நாற்காலி மாதிரி. இடுப்புக்கு இரண்டு பக்கமும் கை நுழைகிற இடம் இருந்தது. ஓட்டைகளைப் பார்த்தேன். தண்ணீர் வரவில்லை. விற்கிறவர் கரையிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"பின்னாடி திரும்பிப் பாருங்கோ. சரி. முன்னாடி குனிஞ்சு காலைத் தொடுங்கோ. முடியலையா, போறது. இப்போ ரெண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கப் போடுங்கோ."

தொங்கப் போட்டேன். படகு கொஞ்சம் சாய்ந்தது. அப்படியே நின்றது. எருமை திரும்பிப் பார்க்கிற மாதிரி. நான் அதன்மேல் உட்கார்ந்து முதல்முறையாகக் கரையைத் தண்ணீரிலிருந்து பார்த்தேன்.

துடுப்புப் போட்டேன். மெதுவாகப் போனது. மச்சினன் தன் படகில் என்னைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தான். பிறகு இன்னொன்று. நான் பத்து முறை துடுப்புப் போடுவதற்குள் அவன் முன்னால் போய்த் திரும்பி வந்தான்.

இதில் அவனைத் தாண்ட முடியாது என்று அங்கேயே தெரிந்தது. மஞ்சளை வாங்கினால் கரையிலேயே கவிழ்வேன். இதை வாங்கினால் நனையாமல் அவன் பின்னால் போவேன்.

"பெண்டாட்டிய ஏத்தலாமா?" என்று விற்கிறவரிடம் கேட்டேன்.

"மாமி என்ன வெயிட்?"

"அம்பது இருப்பா." அதில் பொய் இல்லை.

"பெட்டி கிட்டி எல்லாம் விட்டுட்டுப் போனா தாராளமா ஏத்தலாம்."

சாம்பலை எடுத்தேன்.

அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். தாராவியில் எங்கள் வீடு ஏணி ஏறிப் போகிற மாடி. மச்சினன், "என் பார்க்கிங்லயே வச்சிக்கிடலாம் அத்தான்" என்றான். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். வேறு இடம் இல்லை. அவன் படகுக்குப் பக்கத்தில் என் படகை வைத்தோம். மஞ்சள் சுவரில் நேராகச் சாய்ந்து நின்றது. என்னுடையது தரையில் கிடந்தது.

கட்டிட வாட்ச்மேன் ஒரு முனையைப் பிடித்துக் கொடுக்க, சில ஞாயிறு தனியாகப் போனேன். துடுப்புப் பழகினேன். நீரேற்றம் இறங்குவதற்குள் திரும்பக் கற்றுக்கொண்டேன். நேரம் தவறினால் சேற்றில் படகை இழுக்க வேண்டும். ஒரு நாள் எனக்கும் கொடுவா மாட்டியது. பெண்டாட்டி குழம்பு வைத்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் மென்றாள். "தம்பி மொதல்ல கொண்டாந்தது இதவிடப் பெருசு, இல்லியா?"

"ஆமாம்" என்றேன்.

அடுத்த வாரம் அவளை அழைத்துப் போனேன். இரண்டாவது இருக்கையை முன்னால் மாட்டினேன். மிதவைச் சட்டையை நானே மாட்டிவிட்டேன். மீன் பெட்டியைக் கரையில் வைத்தேன். ஒரே ஒரு தூண்டில் மட்டும். மச்சினனுக்கு அன்று ஆபீஸ் வேலை. அது நல்லதாகப் போயிற்று.

கரையை விட்டோம். படகு கொஞ்சம் தாழ்ந்தது, ஆனால் நனையவில்லை. மாங்குரோவ் செடிகளை ஒட்டியே போனேன். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு துடுப்புப் போட்டேன். இப்போது சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தலைமேல் ரயில் பாலத்தில் வண்டி போனது. அப்போதும் சிரிக்கவில்லை.

வாய்விட்டுக் கேட்டேன். "அன்னிக்குத் தம்பி படகுல அவ்வளவு சிரிச்சியே?"

"அதா? பயந்துல்லா சிரிச்சேன். அது ஆடு ஆடுன்னு ஆடிச்சு. கவுந்துரும்னு நெனச்சேன். எனக்குப் பயம் வந்தா சிரிப்பு வந்துரும்." பிறகு சொன்னாள், "இது ஆட மாட்டேங்கு. நம்ம வீட்டுத் தரை மாதிரி இருக்கு."

இருக்கையில் சாய்ந்துகொண்டாள். முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள்.

தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் பயப்படவில்லை. என் படகை நம்பித் தூங்குகிறாள். இது நல்லதுதான் என்று மனதுக்குச் சொன்னேன். மனது கேட்கவில்லை. அவன் ஆட்டிச் சிரிக்க வைத்தான். அது எனக்கும் வேண்டும்.

துடுப்பை மடியில் வைத்தேன். உடம்பை இடது பக்கம் சாய்த்தேன். பிறகு வலது பக்கம். முழு எடையையும் போட்டு மறுபடி இடது பக்கம்.

படகு ஆடவில்லை. லேசாகத் தலையசைத்துவிட்டு நின்றது.

அவள் முந்தானையை விலக்காமலே கேட்டாள். "என்ன, காலு மரத்துப் போச்சா?"

"ஆமாம்" என்றேன்.

"நீட்டி உக்காருங்க. எடம் இருக்குல்லா."

காலை நீட்டி உட்கார்ந்தேன்.