மூன்றாம் மாடியில் அடைப்பு

கோகிலவாணிக்கு வயது ஐம்பத்திரண்டு. தர்மபுரியில் ஒரு தனியார் பள்ளியின் பதினான்கு வண்டிகளுக்குத் தடம் போடுவது அவள் வேலை. கல்யாணமான மூன்றாம் வருடமே புருஷனை விட்டு வந்துவிட்டாள். பிள்ளை இல்லை. கடத்தூரில் அண்ணன் கோவிந்தன் வீட்டில் இருந்த அம்மா கண்ணம்மாளைத் தன்னோடு கூட்டி வந்து பதினோரு வருடம் ஆகிறது.

ஒண்டியாக இருக்கும் பெண்ணுக்குத் தனி வீடு தர ஆயிரம் யோசிப்பார்கள். அதனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்குப் போனாள். மூன்று பிளாக், நாற்பத்தெட்டு வீடு, கேட், வாட்ச்மேன், லிஃப்ட். இவள் வீடு சி பிளாக் மூன்றாம் மாடி. வீட்டு ஓனர் ரஞ்சித்குமார் பெங்களூரில் இருந்தார். இங்கே குடிவந்த ஆறு வருடத்தில் இரண்டு முறைதான் அவரைப் பார்த்திருக்கிறாள்.

குடியிருப்பை நடத்துவது ஓனர்கள் சங்கம். செயலாளர் அர்ச்சுனன், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், மரியாதையான மனிதர். வாடகைக்கு இருப்பவர்கள் சங்கத்தில் சேர முடியாது, வாட்ஸப் குழுவிலும் இடமில்லை. குழாய் ஒழுகினால் கோகிலவாணி பெங்களூருக்குப் போன் செய்வாள். ரஞ்சித்குமார் குழுவில் எழுதுவார். அதைப் படித்துவிட்டு அர்ச்சுனன் ஏறி வருவார். அவர் குடியிருப்பது நேர் கீழே, இரண்டாம் மாடியில்.

ஐப்பசியில் என்னைக் கூப்பிட்டாள். வீட்டில் நோயாளி பார்க்கும் வேலையில் எனக்கு முப்பது வருடப் பழக்கம். கண்ணம்மாளுக்கு எண்பத்தொன்று. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. இனி ஆஸ்பத்திரியில் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்து நிம்மதியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை நான் இருப்பேன். பிறகு மகள். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், வாய் துடைக்க வேண்டும், டியூபில் இறங்கும் சிறுநீரை அளந்து எழுத வேண்டும்.

தலைப்பக்கம் உயர்த்தும் ஆஸ்பத்திரி கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்து லிஃப்டில் ஏற்றினோம். மறுநாளே அர்ச்சுனன் இரண்டு இளநீரோடு வந்தார். நான் சிறுநீர்ப் பையை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"தெரசாம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. இன்னும் எத்தன நாளு தாங்கும்?"

"நான் நாடிதான் பாக்கறேனுங்க. நாள் பாக்கறதில்ல."

"அதுக்கில்லீங்க, அடைப்பு வந்துட்டா என்ன பண்றதுன்னுதான்."

"டியூப்லயா? காலையிலதான் கழுவிவிட்டேன். நல்லா இறங்குதே."

அவர் கோகிலவாணியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. சில நட்சத்திரங்களில் சாவு விழுந்தால் அந்த அறையை ஆறு மாதம் வரை பூட்டி வைப்பார்கள். அந்த அடைப்பு. எங்கள் சபையில் அதெல்லாம் பார்ப்பதில்லை.

"தனி வூடுன்னா ஒரு ரூமப் பூட்டிப் போட்டுடலாம்" என்றார் அர்ச்சுனன். "இது ஒட்டுச் சுவருங்க. மேல வூடு, கீழ வூடு. கீழ வூடு என்னுதுங்க. சொந்த ஊருக்குக் கொண்டுபோயிட்டா அவங்களுக்கும் மரியாதையா இருக்கும்."

"ஏ பிளாக்ல போன வருசம் ஒரு பெரியவர் போனாருங்களே சார்?" என்றாள் கோகிலவாணி.

"அவங்க ஓனருங்க, வாணிம்மா."

இளநீரை மேசை மேல் வைத்துவிட்டு அவர் இறங்கிப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் சங்கக் கூட்டம். வாடகைக்காரர்கள் உட்காரக் கூடாது. கோகிலவாணி ஜெனரேட்டர் பக்கம் துணி உலர்த்துவது போல நின்று கேட்டாள். அடுக்குமாடியில் அடைப்பு எதுவரை செல்லும் என்று ஒரு மணி நேரம் பேசினார்களாம். ஒருவர் அறை மட்டும் என்றார். ஒருவர் வீடு முழுக்க என்றார். பிரேதம் இறங்குகிற லிஃப்டும் சேருமா என்று ஒரு அம்மாள் சந்தேகம் கேட்டார். "அப்ப மொட்ட மாடி டேங்க்? அதே தண்ணிதான எல்லாருக்கும்?" என்று ஒரு இளைஞர் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். சங்க விதிப் புத்தகத்தில் பதில் இல்லை. பஞ்சாங்கத்திலும் அடுக்குமாடி இல்லை. கடைசியில் நோயாளியைப் பத்து நாளில் அனுப்பிவிடச் சொல்லி ரஞ்சித்குமாருக்கு எழுதுவது என்று முடித்தார்கள். அவர் அன்றே போன் செய்தார்.

"மேடம், எனக்கு இதுல நம்பிக்கையெல்லாம் இல்ல. ஆனா அசோசியேஷன பகைச்சுக்க முடியாது. ஒண்ணு அம்மாவ அனுப்புங்க, இல்ல வீட்டக் காலி பண்ணுங்க."

கண்ணம்மாள் எங்கே படுத்துச் சாவது? அந்த வீட்டில் அப்போது இருந்த கேள்வி இது ஒன்றுதான். கோகிலவாணி ஒவ்வொரு இடமாகக் கேட்டாள். அண்ணன் மகளுக்குத் தையில் கல்யாணம். "கூட்டிட்டு வா வாணி, ஆனா தை பதினாலு கழியட்டும்" என்றான் கோவிந்தன். ஆஸ்பத்திரியில், பத்து நாள் வைத்துக்கொள்வோம், பிறகு அனுப்பத்தான் செய்வோம் என்றார்கள். புது வீடு கேட்டுப் போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி, யார் யார் இருப்பீர்கள் என்பது. அவள் பொய் சொல்லத் தெரியாதவள். நான்கு வீடு கை நழுவிப் போனது.

"தெரசாம்மா, அம்மா வண்டிப் பயணம் தாங்குவாங்களா?"

"கடத்தூர் வரைக்கும் தாங்கலாம். தாங்காமலும் போகலாம். போற எடத்துல எறக்கி வெக்க ஆளு இருக்கணும் முதல்ல."

ஒன்பதாம் நாள் பள்ளியிலிருந்து வந்தவள் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரை இறக்கி, கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்து உட்கார்ந்தாள். அடைப்பு நட்சத்திரம் எவையெவை என்று தேதி வாரியாக எழுதினாள். இருபத்தேழில் பதின்மூன்று தேறியது. மாதத்தில் பாதி நாள். தாளை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு இறங்கினாள். சாட்சிக்கு என்னையும் கூட்டிப் போனாள்.

"சார், அம்மாவ எங்கயும் கொண்டுபோக முடியல. இந்தத் தேதிங்க வர்றப்ப மட்டும் வெளிய கொண்டுபோயி வெச்சுக்கறேன். மத்த நாள்ல இங்க இருக்கட்டும்."

அர்ச்சுனன் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "பதிமூணு நாளும் எறக்கி ஏத்த முடியுங்களா?"

"முடியாதுங்க."

"சித்திரை, விசாகம் இதெல்லாம் ரெண்டு மாசம்தான். அத விட்டுடலாம்."

"கார்த்திகை?"

"மூணு மாசம்." யோசித்தார். "அதும் போகட்டும். ரோகிணி நாலு மாசமாச்சேங்க..."

"ஒரே ஒரு நாளுதாங்க சார் வருது."

"சரி, விடுங்க. அவிட்டத்துல இருந்து ரேவதி வரைக்கும் அஞ்சும் ஆறு மாச அடைப்பு. அதுல கண்டிப்பா இருக்கக் கூடாது."

காய்கறிக் கடையில் பேரம் பேசுவது போலிருந்தது. பேரம் படிந்ததில் இருவருக்கும் ஆறுதல். அர்ச்சுனன் அவள் தாளை போனில் படம் எடுத்துக்கொண்டார். ரஞ்சித்குமார் காலி பண்ணச் சொன்ன பேச்சை நிறுத்தினார். அடுத்து வந்த நாட்களில் லிஃப்டில் பார்த்தவர்கள்கூட "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு மனதுக்குள் நட்சத்திரம் எண்ணியிருப்பார்கள்.

எனக்கு இது பிடிக்கவில்லை. முதுகில் படுக்கைப் புண் உள்ளவரைத் தூக்கி இறக்கக் கூடாது. சொன்னேன். "வேற வழி சொல்லுங்க தெரசாம்மா" என்றாள். நான் புண்ணுக்கு மருந்து வைக்கப் போனேன்.

கார்த்திகை மாதத்தில் அந்த ஐந்து நாள் வந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றி, தெரிந்த சிறிய மருத்துவமனை ஒன்றில் குளுக்கோஸ் ஏற்றுகிறோம் என்று அறை எடுத்து வைத்திருந்தோம். கண்ணம்மாளுக்கு அரைகுறை நினைவு. "எந்த ஊரு இது? ஏன்டி என்ன இழுத்துக்கிட்டே திரியற?" என்று மகளைத் திட்டினார். ஆறாம் நாள் திரும்பினோம். புண் ஒரு விரல் ஆழம் போயிருந்தது.

அடுத்த சுற்று மார்கழியில். திருவோணம் முடிந்து அவிட்டம் பிறப்பது அன்று பகல் இரண்டு முப்பத்தெட்டுக்கு. ஆம்புலன்ஸை இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். காலையில் நான் போனபோதே மூச்சு மாறியிருந்தது. இழுத்து, நின்று, பிறகு இழுக்கும். பாதம் சில்லிட்டிருந்தது. அதை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன்.

"இன்னைக்குத்தான் வாணி. தூக்கினா லிஃப்ட்லயே போயிடும்."

அவள் பள்ளிக்கு லீவு சொன்னாள். அம்மா தலையைச் சீவிவிட்டாள். இரண்டு மணிக்கு இன்டர்காம் அடித்தது. வாட்ச்மேன் பச்சியப்பன்.

"வண்டி வந்திருக்குதுங்கக்கா. மேல அனுப்பட்டுங்களா?"

"திருப்பி அனுப்பிடுங்கண்ணா."

"செக்ரட்டரி சார் கேப்பாருங்களே?"

"கேக்கட்டும்."

கதவின் மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் இரண்டையும் போட்டாள். இரண்டரைக்குக் காலிங்பெல் அடித்தது. மூன்று மணிக்கு மறுபடியும். போன் அடித்தது; பெங்களூர். எடுக்கவில்லை. வெளியே தாழ்வாரத்தில் செருப்புச் சத்தமும் குசுகுசுப்பும் கேட்டபடி இருந்தன. உள்ளே அந்த அம்மாளின் மூச்சை எண்ணிக்கொண்டு நாங்கள் இருவர். வெளியே போகவும் முடியாது, யாரையும் உள்ளே விடவும் முடியாது. நாலு பத்துக்கு மூச்சு நின்றது. ஐந்து நிமிடம் காத்திருந்து, உறுதி செய்துகொண்டு, நோட்டில் நேரம் எழுதக் குனிந்தேன். கோகிலவாணி சத்தம் வராமல் அழுதாள். பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

அர்ச்சுனன் நின்றிருந்தார். பின்னால் இரண்டு பேர். அவர்களை இறங்கிப் போகச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே வந்தார்.

"எப்பங்க?"

நான் பதில் சொல்லுமுன் என் நோட்டைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "தெரசாம்மா, ரெண்டு முப்பத்தெட்டுக்கு முன்னாடின்னா திருவோணம். ஒருத்தருக்கும் தொந்தரவில்ல. ரெண்டு இருபதுன்னு எழுதிடுங்க. ரஞ்சித்குமார்கிட்ட நான் சொல்லிக்கறேன். வாணிம்மா இதே வூட்ல இருக்கலாம். கதவு மூடியிருந்துச்சு, யாருக்குத் தெரியும்?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொல்லப்போனால் நான் எழுதியிருப்பேன். பேனா கையில்தான் இருந்தது. யாருக்கு நஷ்டம்?

"நாலு பத்துங்க சார்" என்றாள் கோகிலவாணி.

"அம்மா, நான் உங்களுக்காகத்தான்..."

"ரெண்டு இருபதுக்கு எங்கம்மா தண்ணி கேட்டாங்க. மூணு மணிக்கு என் கையப் புடிச்சுக்கிட்டு 'சாப்டியா'ன்னாங்க. செத்துப்போனவங்களா கேட்டாங்க? நாலு பத்துன்னே சொல்லுங்க."

நான் நாலு பத்து என்று எழுதினேன்.

கோவிந்தன் ஆட்களோடு வந்தான். லிஃப்ட் பழுது என்று ஒரு அட்டை தொங்கியது. படி வழியாக இறக்கி, ஊருக்குக் கொண்டுபோகாமல் தர்மபுரியிலேயே எரித்தார்கள். பெற்ற தாய் எங்கே செத்தாலும் மகன் வீட்டுக் கல்யாணம் தள்ளித்தான் போகும்; தள்ளிப் போயிற்று. இதை முன்பே யாராவது யோசித்திருந்தால் கண்ணம்மாளைக் கடத்தூருக்கே கொண்டுபோயிருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

சங்கம் அந்தப் படுக்கையறையை ஆறு மாதம் பூட்டச் சொன்னது. அடைப்பு வழக்கப்படி கதவு நிலையில் முள் கொத்து கட்டிப் பூட்டி, சாவியை அர்ச்சுனன் வாங்கிக்கொண்டார். மாதக் கடைசியில் காலி பண்ணச் சொன்னார் ரஞ்சித்குமார். வேறு ஆள் பார்த்தார். மூன்று குடும்பம் வந்து, பூட்டிய கதவையும் முள்ளையும் கண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள். அதன் பிறகு அவரே போன் செய்து, "மேடம், ஆறு மாசம் நீங்களே இருந்துக்குங்க" என்றார்.

அதைக் கேட்டு, வாணி கெட்டிக்காரி, கணக்குப் போட்டுத்தான் உண்மையைச் சொன்னாள் என்று சி பிளாக்கில் பேசுகிறார்கள். நான் கூடவே இருந்தேன். எந்தக் கணக்கும் இல்லை.

மாசியில் போய்ப் பார்த்தேன். இன்னொரு அறையில் ரஞ்சித்குமாரின் பழைய சாமான்கள் அடைந்து கிடக்கின்றன. அதனால் ஹாலில் பாய் போட்டுத் தூங்குகிறாள். பீரோ பூட்டிய அறையில் மாட்டிக்கொண்டது. வெளியே கொடியில் கிடந்த நான்கு புடவையை மாற்றி மாற்றிக் கட்டுகிறாள். அவள் எழுதிய தாளில் பேரம் பேசி மிஞ்சிய ஐந்து நட்சத்திரங்களை டைப் செய்து, 'வாடகைதாரர் கவனத்திற்கு' என்று தலைப்புப் போட்டு லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். பி பிளாக்கில் வாடகைக்கு இருக்கும் ஒருவர் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்திருக்கிறாராம். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, எந்த மருத்துவமனையில் ஐந்து நாள் வைத்துக்கொள்வார்கள் என்று இவளிடமே விசாரிக்க வந்தாராம்.

"என்ன சொன்ன?"

"பேரு சொன்னேன். முதுகு புண்ணாகாம இருக்க என்ன பண்ணணும்னு உங்க நம்பரக் குடுத்தேன்."

"ஆனியில பூட்டத் தெறந்ததும் உன்னப் போகச் சொல்லிடுவாங்களே?"

"சொல்லுவாங்க" என்றாள். "அதுக்கப்பறம் ஒரு வாரம் அவகாசம் குடுத்தா, பீரோவ எறக்கிடுவேன்."

காபி போட எழுந்து போனாள். பூட்டிய கதவைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போக வேண்டும். முள் குத்தாமல் புடவையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு போனாள்.