எரிந்துபோன மெஷினிலிருந்து வந்த வரி

பேய்க் கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். நான் கம்ப்யூட்டர் ஆள், இதையெல்லாம் நம்பிப் பழக்கமில்லை. நீங்கள் சிரித்தாலும் சரி, இது பட்டப்பகலில், சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில் நடந்தது, இரண்டாயிரத்து ஏழோ எட்டோ.

கம்பெனி நெட்வொர்க்கில் எங்கிருந்து எங்கே என்ன போகிறது என்று கண்காணிப்பது என் வேலை. எல்லாவற்றையும் பிடித்தால் என் ஓட்டைக் கம்ப்யூட்டர் திணறும், அதனால் ஆயிரத்துக்கு ஒன்றை மட்டும் பிடித்துக் காட்டும்படி சாம்பிளிங் வைத்திருந்தேன். வெம்பக்கோட்டைப் பக்கம் இருந்த யூனிட்டும் அதில் சேர்த்திதான். வேனில் வந்து இறங்குகிறவர்கள் அங்கே கேட்டில் இருக்கும் மெஷினில் கார்டைத் தேய்த்தால் அந்த நொடியே ஆபீசில் பதிவாகிவிடும்.

சீசன் நேரம், அங்கே ஓர் அறை வெடித்தது. சட்டப்படி நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாத அறையில் ஐந்து பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. ஐந்தாவது ஆள் எங்கள் தொழிலாளி மாடசாமி. பீடியோடு உள்ளே புகுந்த வெளியாள் என்று செத்தவர் தலையிலேயே பழியைப் போட்டார் மேனேஜர்.

"ஏலே, அவன் கார்டு தேச்சத அழிச்சிரு. வேற எங்கனயும் இருக்குமாலே?"

"இருக்காது சார், ஆயிரத்துல ஒண்ணுதான மாட்டும்" என்றேன், பெரிய புத்திசாலி மாதிரி. மாடசாமியுடையது இருபத்தேழாம் நம்பர் கார்டு. அழித்தேன். வெடித்த தீயில் கேட்டில் எரிந்து கிடந்த கார்டு மெஷினின் உருகிய வயரையும் நானே வெட்டி எடுத்தேன்.

மூன்றாம் நாள் மாடசாமியின் மனைவி முத்துலட்சுமி ஆபீசுக்கு வந்தார். மேனேஜர் என் பக்கத்தில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தார்.

"அவுகள வேன்ல ஏத்திவிட்டதே நான்தான் சார். பீடியக் கையால தொட மாட்டாக. கார்டு தேச்சாகளா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"தேய்க்கலம்மா" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, திரையில் ஒரு வரி விழுந்தது. அந்த எரிந்த மெஷினின் முகவரி, கார்டு நம்பர் இருபத்தேழு, நேரம் அந்த நிமிஷம். எல்லாவற்றையும் பிடி என்று மாற்றினேன். ஒன்றுமே இல்லை. மறுபடி ஆயிரத்துக்கு ஒன்று, வரி வந்தது. பத்தாயிரத்துக்கு ஒன்று என்று வைத்தேன், வரிசையாக விழுந்துகொண்டே இருந்தது. மொத்தத்திலேயே இல்லாதது சாம்பிளில் எப்படி வரும்? எந்தக் கணக்கிலும் வராது.

"என்னலே முழிக்க?" என்றார் மேனேஜர், வாயெல்லாம் எண்ணெய்.

"வைரஸ் சார்."

அந்த அம்மாவுக்குத் திரையைப் படிக்கத் தெரியாது. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். திருப்பிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. இந்த நாக்கை என்ன செய்தால் தகும், சொல்லுங்கள்.

அந்த வாரமே வேலையை விட்டேன். இப்போது விருதுநகரில் இருக்கிறேன், வேறு ஆபீஸ், வேறு மெஷின்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், எங்கே சாம்பிளிங் வைத்தாலும் முதலில் விழுவது இருபத்தேழுதான். அதனால் எங்கேயும் வைப்பதில்லை, எல்லாவற்றையும் பிடிக்கிறேன்.

"ஒண்ணு விடாமப் பாக்கீகளே, உங்க நேர்மை யாருக்கு வரும்" என்று புது முதலாளி எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்படுகிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் என் மூஞ்சியிலேயே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.