ஆபரேஷனுக்குப் பிறகும் அடங்காத முயல்

கல்யாணமாகிச் செஞ்சிக்கு வந்த மூன்றாம் மாதம், நைனா அவலூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் மகளைப் பார்க்க வந்தார். கையில் மூங்கில் கூடை. உள்ளே சாம்பல் நிறத்தில் ஓர் ஆண் முயல்குட்டி. கணவர் பொழுதெல்லாம் கடைவீதியில், எங்கள் ஜவுளிக்கடையில் இருப்பார். வீட்டில் நானும் மாமியாரும்தான். எங்களுக்குள் பேச்சு குறைவு. முயல் வந்த பிறகு நான் அதனோடு பேசத் தொடங்கினேன்.

குட்டி வளர்ந்ததும் தொல்லை ஆரம்பித்தது. காலைச் சுற்றிச் சுற்றி ஓடும். சட்டென்று திரும்பி மூத்திரத்தைப் பீய்ச்சும். சுவர், பாய், அரிசி மூட்டை எதுவும் தப்பவில்லை. ஒருநாள் மாமியார் கோயிலுக்குக் கட்டியிருந்த பட்டுப்புடவையிலேயே அடித்துவிட்டது.

"சிங்கவரத்துல யாருக்காவது குடுத்துடு. கறிக்காவது ஆவும்" என்றார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைப் பார்த்த கணவர், மறுநாளே முயலையும் என்னையும் மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

"வயசுக்கு வந்துடுச்சும்மா. இது என் எடம்னு சொல்லுது" என்று டாக்டர் சிரித்தார். "வெதைய எடுத்துட்டா அடங்கிடும். ஆட்டுக்கு நெறைய பண்ணியிருக்கேன். முயலுக்கு இதான் மொதல் தடவ."

ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் அது எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் ஒரு கொத்துமல்லித் தழையைக் கடித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த வாரம் எழுந்து நடந்தது. நேராகப் போய்ச் சுவரில் பீய்ச்சியது.

"இன்னாம்மா இது? அறுத்தும் அடங்கலையே!" என்றார் மாமியார்.

தனியாகவே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"அடுப்ப அணைச்சதும் தோசக்கல்லு ஆறிடுமா?" என்றார் டாக்டர். "ரத்தத்துல ஊறினது வடிய ஒரு மாசத்துக்கு மேல ஆவும். பழைய வாடை இருக்கற எடத்துலதான் மறுபடியும் அடிக்கும். நல்லா கழுவு. அதுக்குன்னு ஒரு மூலைய குடு."

மூலையில் ஒரு தகரத் தட்டு வைத்து வைக்கோல் பரப்பி, மூத்திரம் துடைத்த துணியை அதில் போட்டேன். பிறகு புளித்தண்ணீரும் தேங்காய் நாருமாகச் சுவரைத் தேய்க்க உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மாமியாரும் ஒரு நாரோடு வந்து பக்கத்தில் குந்தினார்.

"சும்மா தேச்சா போவாது. மொதல்ல ஊற வை."

தேய்த்துக்கொண்டே அவராகப் பேசினார். தொண்டூரிலிருந்து மருமகளாக வந்த புதிதில், விட்டுவந்த கன்றுக்குட்டியை நினைத்துத் தினமும் அழுதாராம். "யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றார்.

முயல் தினமும் அடித்தது, மெல்ல இரண்டு நாளைக்கொரு முறையாகக் குறைந்தது. பிறகு தகரத் தட்டைத் தானே தேடிப் போகத் தொடங்கியது.

ஆறாவது வாரம் ஒரு மதியம். மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முயல் அவரை இரண்டு சுற்றுச் சுற்றியது. நான் துணியோடு ஓடினேன். அது அவர் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

அவர் காலை அசைக்கவில்லை.

"இந்த மொறத்த வாங்கிக்கம்மா" என்றார் மெதுவாக. "நான் எழுந்தா இது முழிச்சுக்கும்."