செல்லத்தின் நாலு வயது இங்கிலீஷ்

1928ஆம் ஆண்டு, சிங்கப்பூருக்கு வடக்கே யோங் பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் இங்கிலீஷ் பேசத் தெரிந்த தமிழர்கள் இரண்டே பேர். ஒருவர் பெரிய கிராணி சதாசிவம். பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் படித்துத் தோட்டத்துக் கடிதமெல்லாம் எழுதுகிறவர். இன்னொருத்தி ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டும் காளியப்பனின் தங்கை செல்லம். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள்.

பதினேழு வயதில் துரை பங்களாவுக்குப் பிள்ளை பார்க்கப் போனாள். துரையின் மகனுக்கு அப்போது பேச்சு வரவில்லை. அவனும் அவளும் ஒன்றாகத்தான் இங்கிலீஷ் கற்றார்கள். காலைத் துடை, வாயைத் திற, பொய் சொல்லாதே என்று துரைசானி மகனுக்குச் சொன்னதெல்லாம் செல்லத்தின் காதிலும் விழுந்தது. நாலு வருஷத்தில் இருவரும் தடையில்லாமல் பேசினார்கள். அவன் நடுநடுவே அழுவான், அவள் அழமாட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாம் வகுப்பு வரை படித்த காளியப்பனுக்குத் தங்கையைப் பற்றிய பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ஞாயிறுதோறும் அவள் அவன் குடியிருந்த லயத்துக்கு வரும்போது, அந்த வாரம் புதிதாகப் பிடிபட்ட வாக்கியங்களைக் கேட்டு, எண் போட்டு, தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொள்வான். மொத்தம் நூற்று அறுபத்து மூன்று. நாற்பதாவதும் நூற்றுப் பத்தொன்பதாவதும் ஒன்றே என்று ஒருநாள் கண்டுபிடித்து, பின்னதை அடித்துவிட்டு, அதற்குக் கீழே இருந்த எண்களை எல்லாம் உட்கார்ந்து திருத்தினான். நூற்று அறுபத்திரண்டு ஆயிற்று.

அந்த வருஷம் அவனுக்குப் பெண் பிறந்தது. செல்வராணி என்று பெயர். ஐந்தாம் மாதம் அவன் மனைவி பேச்சியம்மாள் பால்வெட்டுக்குத் திரும்பியதும் குழந்தை ஆயாக் கொட்டகைக்குப் போனது. வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. அதன் அத்தாப்பு ஓலைக் கூரை மட்கிப் போயிருந்தது. வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே ஒரு மணி நேரம் பெய்யும். செல்வராணிக்கு இருமல் நிற்கவே இல்லை. துரையிடம் போய்க் கேட்டால் "நெக்ஸ்ட் மன்த்" என்பார். போன வருஷத்திலிருந்து அதையே சொல்லிவந்தார். இன்னும் ஒரு மாதத்தில் அடைமழை தொடங்கிவிடும்.

ஜொகூர் பாருவிலிருந்து தொழிலாளர் குறை கேட்க வருஷத்துக்கு ஒரு முறை வரும் சர்க்கார் அதிகாரி லேபர் துரை சொன்னால்தான் கூரை வேலை நடக்கும். ஆனால் அவரிடம் சொல்கிறவர் கிராணி. நல்ல மனிதர்தான். மனு எழுதி எழுதி, அவர் வாயைத் திறந்தாலும் மனுவாகத்தான் வரும். "மாட்சிமை தங்கிய ஐயா அவர்களின் மேலான சமுகத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிப்பது யாதெனில்" என்று போன வருஷம் இங்கிலீஷில் ஆரம்பித்தார். கூரைக்கு வந்து சேர்வதற்குள் லேபர் துரை காரில் ஏறிவிட்டார். இவருக்கு ஏதோ லீவு வேண்டும்போல என்று நினைத்தவர், போகும்போது தோட்டத்துத் துரையிடம் சொல்லிவிட்டுப் போனார். கூரை வரவில்லை, கிராணிக்கு இரண்டு நாள் லீவு வந்தது.

"இந்த வாட்டி நீ பேசு," என்றான் காளியப்பன்.

"நானா? அண்ணே, பெரியவங்ககிட்ட பேசுற இங்கிலீஷ் எனக்கு வராதுண்ணே. அந்தப் பயகிட்ட பேசிப் பழகுனதுதான்."

"நூத்தி அறுபத்திரெண்டு வச்சிருக்க. ஒண்ணுகூடவா உதவாது?" நோட்டைப் புரட்டினான். "இந்தா, எண்பத்தொண்ணு. 'படுக்கைய நனைச்சது யாரு?' இது ஒண்ணு போதுமே!"

லேபர் துரை வந்த அன்று துரைசானி மகனோடு சிங்கப்பூர் போயிருந்தாள். செல்லம் கொட்டகையைக் கூட்டித் துடைத்துவிட்டு வாசலில் நின்றாள். முந்தின நாள் மழையில் பாதையெல்லாம் சேறு. நரைத்த மீசையோடு லேபர் துரை முன்னால் வர, தோட்டத்துத் துரை பின்னால் வந்தார். கிராணி தொண்டையைச் செருமி, "மாட்சிமை தங்கிய" என்று ஆரம்பித்தார். லேபர் துரை கடிகாரத்தைப் பார்த்தார். பேச்சிலிருந்து தப்பிக்கவோ என்னவோ, பூட்ஸ் காலைத் தூக்கிச் சுத்தமான தரையில் வைக்கப் போனார்.

"வைப் யுவர் ஃபீட்!" என்றாள் செல்லம்.

காலைத் துடை என்று ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்துத் தோட்டத்தில் யாரும் சொன்னதில்லை. காளியப்பன் நோட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். தோட்டத்துத் துரையின் முகம் சிவந்தது. ஆனால் லேபர் துரையின் கால்கள் அவரைக் கேட்காமலே வாசலில் விரித்த சாக்கில் தேய்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்தன. முதலில் வலது, பிறகு இடது.

"குட் பாய்," என்றாள் செல்லம். பழக்க தோஷம்.

அப்புறம் அவளுக்குத் தயக்கம் இல்லை. அவர் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய், மேலே பார் என்றாள். பார்த்தார். ஓட்டைக்கு நேர் கீழே ஈரத் தொட்டிலில் செல்வராணி இருமினாள்.

"படுக்கையை நனைத்தது யார்? பாப்பா இல்லை. கூரை," என்றாள் இங்கிலீஷில். "அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றார். பொய் சொல்வது கெட்ட பழக்கம்." அவள் விரல் தோட்டத்துத் துரையைக் காட்டியது.

"அப்படியா?" என்று லேபர் துரை அவரைக் கேட்டார். பதில் இல்லை.

"கேட்டால் பதில் சொல்லணும்," என்றாள் செல்லம். பங்களாப் பையனுக்குத் தினமும் சொல்வதுதான்.

லேபர் துரை கைக்குட்டையால் மீசையைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் இருமினார். அது செல்வராணியின் இருமல் மாதிரி இல்லை. பிறகு, "இந்த வாரத்துக்குள் கூரை மாற்ற வேண்டும்," என்றார்.

"ப்ராமிஸ்?" என்றாள் செல்லம்.

"ப்ராமிஸ்." அவர் திரும்பிப் பார்த்தார். தோட்டத்துத் துரையும் தரையைப் பார்த்துக்கொண்டு, "ப்ராமிஸ்," என்றார்.

நாலாம் நாள் புது அத்தாப்பு ஏறியது. செல்லத்துக்கு வேலை போய்விடும் என்று காளியப்பன் பயந்தான். போகவில்லை. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய துரைசானி கதையைக் கேட்டு, தன் புருஷனுக்கும் வாசலில் ஒரு சாக்கு வாங்கிப் போட்டாளாம்.

அந்த ஞாயிறு காளியப்பன் நோட்டைத் திறந்து, லேபர் துரையிடம் செல்லம் பேசியவற்றுக்கு எதிரே ஒவ்வொன்றாகச் சரி போட்டான். ஆறு. 'குட் பாய்' எத்தனையாவது என்று தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் கிராணி சதாசிவம் வந்து நின்றார். காலைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"ஏம்மா செல்லம், எனக்கு நாலு நாள் லீவு வேணும். துரைகிட்ட எப்படிக் கேக்கிறது?"

அவள் நாலைந்து சொல்லில் சொன்னாள்.

"அவ்வளவுதானா? மேற்படியார், சமுகம், ஒண்ணும் வேணாமா?"

"வேணாங்கய்யா. ஆனா கடைசியில 'ப்ளீஸ்' சொல்லாம விட்டுட்டீங்கன்னா ஒண்ணும் கெடைக்காது."

கிராணி சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். காளியப்பன் நோட்டிலிருந்து ஒரு தாளை ஓரம் பிசகாமல் கிழித்துக் கொடுத்தான்.