கொய்யாக் கொப்பைக் குறைத்த வாரம்

மலேசியாவின் தாப்பா மலைச்சாலையில், மக்கள் வந்து பார்க்கும் ஒரு பூச்சிப் பண்ணைக்கு மேற்பார்வையாளனாக வந்த முதல் நாள்தான் அங்கே வேலை பார்த்த அமூயைப் பார்த்தேன். தரையில் குந்தி, இலைப்பூச்சிகளின் எச்சத்திலிருந்து முட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டும் பழுப்பு விதை போலவே இருக்கும். அவளும் என்னைப் போல செமாய்ப் பழங்குடி இனத்தவள்தான். எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்று பெருமையாகச் சொன்னேன்.

"பட்டதாரி அண்ணே, காலைத் தூக்குங்க. முட்டையை மிதிக்கிறீங்க."

அவள் பார்த்துக்கொண்டது இரண்டு கூண்டுகள். ஒன்றில் இலைப்பூச்சிகள், கொய்யா இலை தின்று கொய்யா இலையாகவே தொங்கும். ஆண் இல்லாமலும் முட்டையிடும். அடுத்ததில் ஆர்க்கிட் பூவின் சாயலில் கும்பிடுபூச்சிகள். தேனுக்கு வரும் ஈயை லபக்கென்று பிடிக்கும். சில நேரம் பெண் தன் ஆணையே தின்றுவிடும்.

"இவளுக்குப் புருஷனே வேணாம். அவளுக்கு வேணும், சாப்பாட்டுக்கு" என்பாள் அமூய்.

இலைக்குள் பூச்சியே தெரியவில்லை என்று பார்வையாளர்கள் முணுமுணுத்தார்கள். கூண்டில் தீனியாக வைக்கும் கொய்யாக் கொப்புகளைப் பாதியாகக் குறைத்தேன். அமூய் வேண்டாம் என்றாள், நான் கேட்கவில்லை.

ஒரே வாரத்தில் இலைப்பூச்சிகளின் உடலோரம் கடிபட்டிருந்தது. முதலாளி நேரே அமூயிடம் வந்தார்.

"கூண்டைத் திறந்து போட்டுட்டுப் போயிருக்க. கும்பிடுபூச்சி புகுந்து கடிச்சிருக்கு. நாளையிலருந்து வராத."

அமூய் பதறவில்லை. ஒரு பூச்சியைக் கையில் ஏற்றி, தின்று மிச்சமான கொய்யா இலையை அதன் பக்கத்தில் வைத்தாள்.

"கும்பிடுபூச்சி தின்னா காலும் றெக்கையும்தான் மிஞ்சும் முதலாளி. இதுங்க எல்லாம் உசுரோட இருக்கு. ரெண்டுலயும் கடிச்ச வளைவைப் பாருங்க. ஒரே வாய்."

"அப்ப யாரு கடிச்சது?"

"பக்கத்துல தொங்குறவதான். பசியில தங்கச்சியை இலைன்னு நெனச்சுட்டா."

"பசி எப்படி வந்துச்சு?"

அமூய் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"கொப்பைக் குறைச்சது நான். அவங்க வேணாம்னுதான் சொன்னாங்க" என்றேன்.

"மூணு நாளு கொப்பு நெறைய வைங்க. புதுசா ஒரு கடி இருந்தாலும் நானே போயிடுறேன்" என்றாள் அமூய்.

மூன்று நாளும் கொப்பு வெட்டிச் சுமந்தவன் நான். புதுக்கடி ஒன்றுகூட இல்லை.

இப்போதும் அமூய் அங்கேதான் வேலை செய்கிறாள். கூண்டுக்கு எவ்வளவு கொப்பு என்பதை அவளே முடிவு செய்கிறாள். பூச்சி தெரியவில்லை என்பவர்களுக்கு விரல் நீட்டிக் காட்டுவது என் வேலை.